ஒரே நாளில் வெட்டிய வாய்க்கால்

தண்ணீரைக் காணவில்லை.

காலையில் ஆற்று மதகைத் தூக்கியபோது கண்ணெதிரே புரண்டு ஓடிய தண்ணீர். மதியத்துக்குள் அது கடைசி நிலத்தைத் தொட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி நிலத்துக்காரி நெஸ்தோரா வலேரியோ போனில் கத்தினாள்.

"ஏய் ஓர்லி! தண்ணி விட்டியா, இல்ல விட்டேன்னு சும்மா கதை விடறியா? இங்க வாய்க்கால்ல பல்லி ஓடுது!"

"விட்டாச்சுடி. என் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப வழியில எந்தக் கழுதை குடிச்சுச்சு?"

ஓர்லிந்தா மாயெஸ்தாஸ் போனைப் பாக்கெட்டில் போட்டாள். தான் வேலைக்கு ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை அப்படியே சாலையோரம் நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையில் ஏறி நடந்தாள்.

ரெமான்சோ பள்ளத்தாக்கின் வாய்க்கால் மணியம் அவள்தான். தண்ணீரை எப்போது விடுவது, யார் முறை எது, யார் திருட்டுத்தனமாக மடையைத் தூக்குவது, எல்லாம் அவள் பொறுப்பு. வடக்கு நியூ மெக்ஸிகோவில் அந்தப் பதவி நெடுங்காலம் மீசை வைத்தவர்களுடையதாகவே இருந்தது. போன தேர்தலில்தான் முதல்முறையாக ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. அவள் சறுக்குவாளா என்று பார்க்க ஊரில் பாதிப் பேர் காத்திருந்தார்கள்.

ஆனால் இப்போது அவள் நினைப்பில் இருந்தது பதவி அல்ல. நெஸ்தோராவின் பூண்டு.

இலையுதிர் காலத்தில் ஊன்றிய பூண்டு. பனிக்கடியில் தூங்கி எழுந்து இப்போது தாகத்தோடு நிற்கிறது. தாள் பாதிவரை மஞ்சள் கட்டிவிட்டது. சீக்கிரம் நனைக்காவிட்டால் குமிழ் பிடிக்காது. நெஸ்தோராவுக்கு அதைவிட்டால் வேறு வருமானம் கிடையாது. இந்த வருடம் மலையில் பனியும் குறைவு. அது உருகித் தீரும்வரைதான் ஆற்றில் தண்ணீர். அப்புறம் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

மணல் வளைவுக்கு வந்ததும் ஓர்லிந்தா நின்றுவிட்டாள்.

அதுவரை முழங்கால் உயரம் ஓடிவந்த தண்ணீர் அங்கே தயங்கியது. அகன்றது. மெலிந்தது. பிறகு நுரையை மட்டும் மேலே விட்டுவிட்டு, குழந்தை குழல் போட்டு உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தத்தோடு பூமிக்குள் இறங்கியது. அதற்கு அப்பால் வறண்ட சரளைக்கல்.

அவள் மண்டியிட்டு அடியைத் தடவினாள். அங்கே இருந்திருக்க வேண்டியது சாம்பல் நிறக் களி. எத்தனையோ தலைமுறைத் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்த வண்டல். சோப்பு மாதிரி வழுக்கும், ஓடு மாதிரி இறுகியிருக்கும், ஒரு சொட்டு கீழே விடாது. அது இல்லை. இரண்டு பக்கமும் இரும்புப் பற்கள் கீறிய வரிகள்தான் இருந்தன.

திரும்பி, தண்ணீர் வந்த பக்கம் பார்த்தாள். இன்னொரு அதிர்ச்சி. தண்ணீர் இருந்த இடத்திலும் அது பள்ளத்தில் ஓடியது. வயல் மடைகள் எல்லாம் அதற்கு மேலே, எட்டாத உயரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

யார் வெட்டியது என்று அவளுக்குத் தெரியும். யார் வெட்டச் சொன்னது என்பதும் தெரியும்.

அவளேதான்.

வசந்தம் பிறந்ததும் ஊர் கூடி வாய்க்காலைத் தூர் வாரும் குடிமராமத்து. நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் மண்வெட்டியோடு வர வேண்டும், அல்லது ஆள் அனுப்ப வேண்டும். முடியாதவர்கள் ஓர் ஆளின் கூலியைக் கட்டலாம் என்றும் ஒரு விதி உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக எப்போதோ எழுதிய விதி. இப்போது ஊரே படுக்கையில் கிடப்பதுபோல் ஆகிவிட்டது. மலைமேல் ஆய்வுக்கூடத்தில் வேலை, ஆல்புகெர்க்கியில் வேலை, மகளின் பந்தாட்டம், முதுகுவலி. இந்தத் தடவை தூர் வாரும் நாளில் கரையில் வந்து நின்றவர்கள் ஏழே பேர். ஓர்லிந்தாவின் தொப்பிக்குள் கத்தையாகக் காசோலைகள்.

அப்போதுதான் கில்பர்ட் ட்ரூஹியோ தன் மண்தோண்டி இயந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டு வந்தான். பள்ளத்தாக்கில் விலைக்கு வந்த நிலத்தையெல்லாம் வாங்கிப்போட்டவன் அவன். கணக்குப்படி அவன் ஒருவனே ஒரு டஜன் ஆட்களை அனுப்ப வேண்டும்.

"இந்த ஏழு பேரை வெச்சு நீ எப்ப முடிப்பே, ஓர்லிந்தா? கிறிஸ்துமஸுக்கா? தள்ளு. சாயங்காலத்துக்குள்ள தலையிலேருந்து வால் வரைக்கும் வாரிக் குடுத்துடறேன். ஒரு பைசா வேணாம்."

வந்த ஏழு பேரில் ஒருவன் எர்மீனியோ, அவளுடைய கணவனின் தம்பி. "வேணாம் அண்ணி. அது பல்லு வெச்ச மிருகம். எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது" என்றான்.

ஓர்லிந்தா காசோலைகளைப் பார்த்தாள். ஏழு பேரைப் பார்த்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஏழு மண்வெட்டிகளும் தோளேறித் திரும்பிப் போயின. அன்று அவள் வெயில் தாழும் முன்பே வீடு திரும்பி, வெந்நீரில் குளித்து, காப்பியோடு உட்கார்ந்து, இவ்வளவு சுலபமான வேலையையா இத்தனை வருடம் முதுகு ஒடியச் செய்தோம் என்று சிரித்துக்கொண்டாள்.

இப்போது மணல் வளைவில் நின்றபடியே அவள் கில்பர்ட்டுக்குப் போன் போட்டாள்.

கூப்பிட்டதும் கில்பர்ட் வந்தான். குனிந்து பார்த்தான்.

"நல்லா ஆழமாத்தானே வெட்டியிருக்கேன்?"

"அதான் கில்பர்ட் வினையே. ஆழம்."

அவன் முகம் சுருங்கியது. பிறகு சட்டென்று நிமிர்ந்தது. "விடு. வயோமிங்ல ஒரு களிமண் பொடி விக்கறான். தண்ணி பட்டா உப்பி அடைச்சிக்கும். என் செலவுல ஒரு லோடு எறக்கிடறேன். மூணு வாரம் பொறுத்துக்கோ."

"மூணு வாரம் கழிச்சு அங்க என்ன இருக்கும்?"

அவள் கை காட்டிய திசையில் மலை நின்றது. முகட்டில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. "அப்ப என் லாரியையாவது எதுக்காச்சும் வெச்சுக்கோ" என்றான் கில்பர்ட்.

அவள் நேராக எர்மீனியோவின் ஆட்டுப் பட்டிக்குப் போனாள். அவன் ஓர் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வாங்க அண்ணி. மெஷினுக்கு ஜுரமா?"

"உன் ஆடுங்க வேணும் எர்மீனியோ. செம்மண் குன்றுலேருந்து களி கொண்டுவந்து கொட்டி, நனைச்சு, மிதிச்சு இறுக்கணும். ஆட்டுக் குளம்பு மிதிக்கற மாதிரி வேற எதுவும் மிதிக்காது."

"மிதிக்கும். ஆனா ஆடு மட்டும் பத்தாது. கரையோரம், மடைவாய்க்கெல்லாம் மனுஷக் காலுதான். அந்தக் கால்களைத்தான் நீங்க அன்னிக்குத் துரத்தி விட்டீங்களே."

"தப்புதான்."

"அந்த வார்த்தையை வெச்சு ஓட்டை அடைபடுமா?" குளம்பை விட்டான். ஆடு துள்ளி ஓடியது. "வரேன். அந்த ஆறு பேரையும் இழுத்துட்டு வரேன். ஆனா ஒண்ணு. மணியக் கோலை நான் பிடிப்பேன். நீங்க குழிக்குள்ள."

மணியம் குழியில் இறங்குவதில்லை. கோலால் அளந்து, ஒவ்வோர் ஆளுக்கும் பங்கைக் கீறிக் காட்டி, முடிந்ததும் 'நகரு!' என்று குரல் கொடுப்பதுதான் மணியத்தின் வேலை. அந்தக் கோலைக் கைமாற்றுவதை ஊர் முழுக்கப் பார்க்கும். மீசைக்காரர்கள் காத்திருந்ததும் இதற்குத்தான்.

அவள் வெளியே போய், வண்டியிலிருந்து கோலை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

எர்மீனியோ அதை எதிர்பார்க்கவில்லை. "காலையில சீக்கிரம் வந்துடுங்க" என்றான் தாழ்ந்த குரலில்.

மிச்சம் இருந்தவை காசோலைகள். அவள் இன்னும் வங்கியில் போடவில்லை. வீடு வீடாக ஏறினாள்.

"என்ன இது, திருப்பித் தரே? பணம் பத்தலையா?" என்று ஒருவர் பர்ஸைத் தேடினார்.

"பணம் பத்தும். அதால மிதிக்க முடியாது. கால் இருக்கறவங்க வேணும். நாளைக்கு ஒரு நாள் வாங்க."

"ஓர்லிந்தா, எனக்கு ஆபீஸ்ல மீட்டிங்..."

"எனக்கும் பஸ் இருக்கு. லீவு சொல்லிட்டேன்."

ஒருத்தி கதவை முகத்தில் சாத்தினாள். ஒருவர் "விதிப்படி கட்டியாச்சு, அவ்வளவுதான்" என்று காசோலையைத் தொடக்கூட மறுத்தார். அவர் சொன்னது சட்டப்படி சரி. ஓர்லிந்தா வாதாடவில்லை. அதைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு அடுத்த படி ஏறினாள். பலர் தோளைக் குலுக்கினார்கள். சிலர் மட்டும் காசோலையை வாங்கிக் கிழித்துப்போட்டு, "வரோம்" என்றார்கள்.

விடிந்தபோது மணல் வளைவில் முப்பது பேர்கூடத் தேறவில்லை. ஆனால் ஏழைவிட அதிகம்.

கில்பர்ட் லாரி லாரியாகச் செங்களியைக் கொண்டுவந்து கரையில் கொட்டினான். "மெஷினை எறக்கட்டுமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"லாரி கரையில. நீ உள்ள" என்றாள் ஓர்லிந்தா.

"இந்த பூட்ஸ் என்ன விலை தெரியுமா?"

"கழட்டு."

கரையில் சிரிப்பு வெடித்தது. கில்பர்ட் முனகிக்கொண்டே கழற்றினான். பனி உருகிய தண்ணீரில் குழைத்த களியில் வெறுங்கால் பட்டதும் அவன் போட்ட கூச்சலில் ஆடுகள் மிரண்டன.

அந்த ஆடுகளை இறக்கியதே தனிப் போராட்டம். பள்ளத்தைப் பார்த்து மந்தை மொத்தமும் கால் ஊன்றி நின்றுகொண்டது. எர்மீனியோ மணி கட்டிய தாயாட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். மற்றவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னாலேயே விழுந்தன. மேலேயும் கீழேயும், மேலேயும் கீழேயும் விரட்டினார்கள். ஆயிரம் குளம்புகள் களியைக் குத்திக் குத்தி மணலுக்குள் இறக்கின. அதற்குப் பின்னால் மனிதர்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாக, கரையோரத்தை மிதித்தார்கள். அதற்கும் பின்னால் மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழப்பாக்கினார்கள். வளைவின் அடி உயர்ந்து, அதற்குப் பின்னால் ஏறும் தண்ணீர் மடைகளை எட்டும் அளவுக்கு, மேலே மேலே அடுக்கு.

கரையிலிருந்து எர்மீனியோ கோலால் கீறினான். "அண்ணி, உங்க பங்கு இது!"

மற்ற எல்லோருக்கும் கிடைத்த அதே அளவுதான். சலுகை இல்லை. அவளும் கேட்கவில்லை. இடுப்பு இற்றுவிடும்போல் இருந்தது. பாதம் மரத்துப்போனது. பக்கத்தில் நெஸ்தோரா மிதித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஓர்லிந்தாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கேலி செய்யக்கூட இல்லை.

"நகரு!"

எல்லோரும் நகர்ந்தார்கள்.

மறுநாளும் மிதித்தார்கள். அன்று வந்தவர்கள் இன்னும் குறைவு. முந்தின நாள் வந்தவர்களில் சிலர் உண்மையிலேயே எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார்கள். மீதிப் பேர் அவர்கள் பங்கையும் சேர்த்து மிதித்தார்கள்.

மாலையில் எர்மீனியோ மேல் மதகை ஒரு விரல்கடை தூக்கினான். மெல்லிய நாக்குபோல் தண்ணீர் நீண்டு வந்தது. வளைவில் நுழைந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாதி வளைவைத் தாண்டியதும் ஓர் இடத்தில் சுழித்தது.

"ஓட்டை! ஓட்டை!" கில்பர்ட் அலறிக்கொண்டே குதித்தான். இரண்டு கையாலும் களியை அள்ளி அப்பி, அதன்மேல் ஏறி நின்று, திராட்சை மிதிப்பவன்போல் மிதித்தான். சுழி அடங்கியது. தண்ணீர் அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு முன்னே போனது. சரளைக்கல்லைத் தாண்டியது. வளைவைத் தாண்டியது.

யாரும் கைதட்டவில்லை. கையைத் தூக்கும் தெம்பு யாருக்கும் இல்லை. ஒருவர் கரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஓர்லிந்தா தண்ணீரோடு கூடவே நடந்தாள். நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையுமாக அது நடக்கும் வேகத்தில் அவளும் நடந்தாள்.

நெஸ்தோரா மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வயலில் நின்றாள். பூண்டின் கீழ்ப்பாதி வரிசைகள் வைக்கோல் நிறமாகச் சாய்ந்திருந்தன. மேல்பாதியில் பச்சை இருந்தது, மங்கலாக.

"கீழ்ப்பாதி போச்சு" என்றாள் நெஸ்தோரா. போனில் கத்தியதற்குப் பிறகு அவள் ஓர்லிந்தாவிடம் பேசிய முதல் வார்த்தை. "அங்க விட்டு வீணாக்காதே. மேல திருப்பு."

ஓர்லிந்தா திருப்பினாள். வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. மணல் வளைவில் கேட்ட அந்த உறிஞ்சல் இல்லை இது.

"போன பாதிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள்.

"நீதான்." நெஸ்தோரா மறுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்த பாத்தியின் வாயை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வருஷம் மெஷின் வருமா?"

"வராது."

"ஆளுங்க வருவாங்களா?"

ஓர்லிந்தா வாய்க்கால் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் எர்மீனியோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். வந்திருந்த கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"தெரியலடி" என்றாள். "நான் வருவேன்."

நெஸ்தோரா அடுத்த வரிசைக்கு நகர்ந்து, ஓர்லிந்தா நிற்க இடம் விட்டாள்.