சுவருக்கு அந்தப் பக்கமும் ஓடிய ரயில்

ஜெரால்டு வாங்கி வந்த ஹோம் தியேட்டரில் மொத்தம் ஆறு பெட்டிகள். ஸ்பீக்கர் ஐந்து, தரையில் குந்தியிருக்கும் சப்வூஃபர் ஒன்று. ஏழாவதாக அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு கண்டிஷன் வைத்தாள்.

"பக்கத்து வூட்லேர்ந்து ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வரட்டும். அடுத்த நாளே இது காடாம்புலியூர் போயிரும். என் தம்பி தோப்புல வெச்சு கேட்டுக்கட்டும்."

தம்பி ஃபெலிக்ஸுக்கு அங்கே முந்திரித் தோப்பு. தோப்புக்கு நடுவில் வீடு. எவ்வளவு அலறவிட்டாலும் கேட்பதற்கு முந்திரி மரங்கள் மட்டும்தான். கண்டிஷன் காதில் விழுந்த நாளிலிருந்து அவன் தினமும் காலையில் போன் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இன்னும் கம்ப்ளைன்ட் வரலியா?"

"வைடா போனை."

"இல்ல மாமா, பிளக் பாயின்ட்டு போட்டு வெச்சிட்டேன். அதான் கேட்டேன்."

ஸ்டெல்லாவைக் குறை சொல்லவும் முடியாது. முன்பு ஜெரால்டு கீபோர்டு வாங்கி வாசிக்கப் பழகிய மூன்று நாட்களையும், அதிகாலையில் எழ வேண்டும் என்று சேவல் வாங்கி விட்ட ஒரு வாரத்தையும் தெரு இன்னும் மறக்கவில்லை. மூன்று ஷிஃப்ட்டும் சுரங்கம் ஓடும் நெய்வேலியில் எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் சாத்தியிருக்கிற வீட்டின் முன்னால் கிரிக்கெட் ஆடும் பொடிசுகள்கூட அவுட் கேட்கும்போது கையை மட்டும்தான் தூக்கும். அப்படிப்பட்ட ஊரில் போய் ஒருவன் சேவல் வளர்த்தான்.

அவர்கள் இருந்தது இரட்டைக் குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஹபீப் முகமது. சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுபவர், அதாவது மலை மாதிரியான மண்ணை வழித்தெடுக்கிற ராட்சத இயந்திரத்தில் ஆபரேட்டர். அவர் மனைவி பதுருன்னிசா. பதினோரு வருடப் பழக்கம். அங்கே அவர் தும்மினால் இங்கிருந்து ஸ்டெல்லா, "வெந்நி குடிங்க பாய்" என்பாள். "குடிச்சிட்டேன் டீச்சர்" என்று சுவர் பதில் சொல்லும்.

அந்தச் சுவரில்தான் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஆணியடித்து மாட்டியிருந்தான் ஜெரால்டு. வேறு சுவரில் ஜன்னலும் பீரோவும் இடம் பிடித்திருந்தன. ஒரு மாதமாக வால்யூம் எட்டைத் தாண்டவில்லை. ரிமோட்டில் எண்பது வரை இருந்தது. புலியை வாங்கி வந்து மியாவ் சொல்லப் பழக்குவது போலிருந்தது அவனுக்கு. சண்டைக் காட்சி வந்தால் சப்வூஃபர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். காதுக்குக் கிடைக்காதது கைக்காவது கிடைக்கட்டுமே. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அறுபதில் வைத்து முழுப்படமும் பார்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஃபெலிக்ஸ் என்ன, யார் வந்து தூக்கிக்கொண்டு போனாலும் சரி. இதை அவன் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் ஃபெலிக்ஸ் அன்றே கிளம்பி வந்துவிடுவான்.

ஒரு சனிக்கிழமை கேட்டருகே ஹபீப்பை மடக்கினான்.

"பாய், அடுத்த வாரம் உங்களுக்கு எந்த ஷிஃப்ட்டு?"

"ரெண்டாவது."

"வியாழக்கிழமையுமா?"

"வாரம் முழுக்கத்தான் தம்பி. ஏன்?"

"சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

பாய் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜெரால்டின் மூளை அதற்குள் கணக்கு முடித்துவிட்டது. இரண்டாவது ஷிஃப்ட் என்றால் ஒன்றரைக்குக் கிளம்பும் பாய் திரும்பி வர இரவாகும். பதுருன்னிசா வியாழன்தோறும் வடலூரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து வர நாலரை. ஆக, இரண்டிலிருந்து நாலரை வரை உலகமே காலி. ரகசியத்தை வயிற்றில் வைத்திருக்க முடியாமல், சுவரில் சாய்ந்தபடி ஃபெலிக்ஸுக்கே போன் போட்டு வெறுப்பேற்றினான்.

"மச்சான், வியாழன் மத்தியானம் ரெண்டு மணி. ரயில் படம். அறுபதுல வெக்கறேன். பாய் டூட்டி, அக்கா வடலூரு. கம்ப்ளைன்ட் பண்ண ஈ காக்கா இருக்காது. நீ அந்த பிளக் பாயின்ட்டுல அயர்ன் பாக்ஸ் மாட்டிக்கோ!"

ஜெரால்டு போனில் பேசினால் போனே தேவையில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தான். "வயித்துவலிக்காரன் ஏன்யா இப்படி சிரிக்கிறே?" என்று கேட்டபடியே அவன் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸின் அதிகாரி கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து ஜன்னல்களைச் சாத்தினான். ஆறு பெட்டிக்கும் நூல் பிடித்து அளந்து நடுவில் நாற்காலியைப் போட்டான். கைலிக்கு மாறினான். முறுக்கு டப்பாவை எடுத்து மடியில் வைத்தான். பிறகு யோசித்து முறுக்கைக் கீழே வைத்தான். கடிக்கிற சத்தம் குறுக்கே வரக்கூடாது.

எட்டு. பதினைந்து. முப்பது. நாற்பத்தைந்து. அறுபது!

படத்தில் இடி இடித்தது. அவன் நாற்காலியின் நான்கு கால்களும் அதை வழிமொழிந்தன. காலண்டர் தானாக ஒரு தாளைத் தூக்கி வெள்ளிக்கிழமையை எட்டிப் பார்த்தது. கதை இதுதான்: ரயில் ஓட்டுபவள் ஒரு பெண். முந்நூறு பயணிகள், அதில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி. கொட்டும் மழை. முன்னால் ஆற்றுப் பாலம் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலில் பிரேக் இல்லை. ரயில் அவனுடைய இடது காதுக்குள் நுழைந்து, வயிற்றில் ஒரு சுற்று சுற்றி, வலது காது வழியாக வெளியேறியது. "அப்பிடிப் போடு!" என்று கத்தினான். கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. நாற்பத்தாறு வயது ஆள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

சத்தம் சற்றுத் தணிகிற இடங்களில் அவனைக் கிறங்கடித்தது பின்பக்க ஸ்பீக்கர்தான். என்ன ஒரு துல்லியம்! கர்ப்பிணிக்கு வலி வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண், "பாவம் புள்ளத்தாச்சி" என்றாள். பக்கத்து சீட் பயணி போலிருக்கிறது. எங்கோ டம்ளர் வைக்கிற சத்தம். ரயில் என்றால் டீ விற்கத்தானே செய்வார்கள். பிரேக் போன இடத்தில் "யா அல்லாஹ்!" என்று ஒரு குரல் அப்படியே பிடரியில் வந்து விழுந்தது. ஜெரால்டுக்குக் கை மயிர் சிலிர்த்தது. சவுண்டு என்ஜினியருக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நினைத்தான்.

ரயில் பாலத்தை நெருங்கியது. இருநூறு மீட்டர். டிரைவர் பெண் கடைசி லீவரைப் பிடித்தாள். ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒருவர் இருமினார். இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல்.

அந்த இருமலை ஜெரால்டுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

விரல் தானாக ரிமோட்டை அமுக்கியது. வீடு செத்த மாதிரி ஆனது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பக்கத்து வாசலில் பாயின் செருப்பு. கூடவே பதுருன்னிசாவின் செருப்பும். ஷிஃப்ட்டை நம்பிய மனுஷன் செருப்பைப் பார்க்கவில்லை! பாய் டூட்டியை மாற்றிக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறார் என்றால் நேற்று ராத்திரி முழுக்க வேலை. விடிய விடிய மண் வெட்டிவிட்டு வந்து கண்ணசந்த மனிதரின் தலைமாட்டில் முந்நூறு பேருடன் ரயில் விட்டிருக்கிறான்.

அவனுக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது. வந்து கேட்டிருந்தால்கூடத் தேவலை, இப்படி வாயை மூடிப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க இன்னும் வலித்தது. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். துடைத்துத் தெர்மாக்கோலில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்தான். ஃபெலிக்ஸுக்குப் போன் போட்டான்.

"வந்து எடுத்துக்கோ மச்சான்."

"ஸ்தோத்திரம்!" என்று அலறினான் ஃபெலிக்ஸ். "குட்டியானை வேனோட வரேன் மாமா!"

நாலரைக்கு வந்த ஸ்டெல்லா, அட்டைப்பெட்டிமேல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஹபீப்பும் பதுருன்னிசாவும் நின்றிருந்தார்கள். பாய் முகத்தில் சிரிப்பில்லை.

"டீச்சர், ஒரு கம்ப்ளைன்ட்டு."

ஸ்டெல்லா திரும்பி ஜெரால்டை ஒரு பார்வை பார்த்தாள். சேவலுக்குப் பிறகு அந்தப் பார்வை இப்போதுதான் வருகிறது.

"பாய், மன்னிச்சிருங்க. நைட்டு டூட்டி பார்த்துட்டுத் தூங்கறவரை..."

"யாரு தூங்கனா? அதெல்லாம் இருக்கட்டும் தம்பி," பதுருன்னிசா பாயைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அந்த ரயிலு நின்னுச்சா இல்லியா? மொதல்ல அத்தச் சொல்லு!"

ஜெரால்டு அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்து நின்றான்.

"கரண்ட்டுதான் போயிருச்சோன்னு பார்த்தோம். எங்க வூட்ல ஃபேன் ஓடுது," என்றார் பாய். "சரி, இடைவேளைன்னு உக்காந்துகினு இருந்தோம். ஒன்றரை மணி நேரமா இடைவேளை வுடுவான்?"

"அந்தப் புள்ளத்தாச்சிக்கு என்னாச்சோன்னு எனக்கு டீ எறங்கல," என்றார் பதுருன்னிசா.

"நீங்க வடலூரு போகலியாக்கா?"

"நீதான் வியாழன் ரெண்டு மணிக்கு ரயில் படம்னு ஊருக்கே சொன்னியே. தங்கச்சி எங்க போயிடப் போறா? சுவத்தோரம் பாயை விரிச்சிட்டோம். இவரு அதுக்குன்னே டூட்டி மாத்திக்கினாரு."

"மியூச்சுவல் போட்டேன்," என்றார் ஹபீப். அதைச் சொல்லும்போது மட்டும் லேசாக வெட்கப்பட்டார். "நைட்டு பார்த்துட்டு வந்து காலையிலயே தூங்கி எழுந்துட்டேன். படம் பார்க்கத் தெம்பு வேணாமா?"

"அப்ப... எங்க வூட்ல மெதுவாப் பேசறதுகூட அங்க கேக்குமா பாய்?" ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது.

"எல்லாம்தான். நீங்க போட்ட கண்டிஷனு, உங்க தம்பி வூட்டு பிளக் பாயின்ட்டு," என்றார் ஹபீப்.

"மாமியாரைப் பத்தி நீ சொன்னது மட்டும் கேக்கல," என்று பதுருன்னிசா ஸ்டெல்லாவின் தோளைத் தட்டினார்.

ஜெரால்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, "அப்ப கம்ப்ளைன்ட்டு எதுக்கு பாய்?" என்றான்.

ஹபீப் சுவரில் ஸ்பீக்கர் தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க வூட்ல பெரிய டிவி வந்தன்னிக்கு மொத ஆளா யாரை உக்கார வெச்சேன்? உன்னை. நீ பொட்டி வாங்கி ஒரு மாசம் ஆச்சு. வாங்க பாய்னு ஒரு வார்த்தை இல்ல. நாங்க இல்லாத நாளாத் தேடிப் புடிச்சு, அதுவும் என்னாண்டயே ஷிஃப்ட்டு கேட்டு வெச்சிக்கினு போட்டிருக்க. நாள் பூரா மிஷின் சத்தத்துல கெடக்கறவன் நான். எனக்கு சத்தம் ஒரு குத்தமா? கூப்புடலியேன்னுதான்."

அண்டை வீட்டுக்காரர் காதைப் பற்றி ஒரு மாதம் கவலைப்பட்டவன், அண்டை வீட்டுக்காரரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

"தப்புதான் பாய்" என்றான் ஜெரால்டு.

வாசலில் ஹாரன் அடித்தது. குட்டியானையிலிருந்து ஃபெலிக்ஸ் கையில் கயிறோடு குதித்தான்.

"அக்கா, கம்ப்ளைன்ட்டு வந்திருச்சா?"

"வந்திருச்சு," என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப தூக்கிற வேண்டியதுதான்."

"தூக்கிப் பாரு," பதுருன்னிசா அட்டைப்பெட்டிமேல் கை வைத்தார். "இது மட்டும் இங்கேர்ந்து போச்சு, நான் கம்ப்ளைன்ட்டு பண்ணுவேன். டீச்சராண்டயே பண்ணுவேன்."

எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். முப்பது பிள்ளைகளின் பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்டு வந்தவள். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"சத்தத்துக்குக் கம்ப்ளைன்ட் வந்தா போகணும்னேன். இது போனாத்தான் கம்ப்ளைன்ட் வரும் போலிருக்கு. டேய் ஃபெலிக்ஸ், அந்தக் கயித்தை வெச்சிட்டு ஒயரைப் புடி."

"அக்கா, பிளக் பாயின்ட்டு போட்டுட்டேன்க்கா..."

"மிக்ஸி வாங்கித் தரேன். புடி."

கால் மணி நேரத்தில் ஆறு பெட்டிகளும் பழைய இடத்துக்குத் திரும்பின. சப்வூஃபரை ஃபெலிக்ஸே இணைத்தான், கைவிட்டுப் போன பொருளைத் தடவுவது போலத் தடவி. ஜன்னல்களைத் திறந்தார்கள். ஜெரால்டு எதிர்வீட்டு அன்புக்கரசியிடம் ஓடி, யாராவது தூங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு வந்தான். அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, தானும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நூல் பிடித்து வைத்த நாற்காலியில் பதுருன்னிசா உட்கார்ந்தார். ஃபெலிக்ஸுக்குக் காலி அட்டைப்பெட்டி கிடைத்தது.

"எவ்ளோல வெக்கட்டும்க்கா?" என்றான் ஜெரால்டு.

"அங்க கேட்டமே, அதே அளவு."

ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். அறுபது!

ரயில் மறுபடி கிளம்பியது. மழை, இடி, கர்ப்பிணியின் அலறல். ஹபீப் முன்னால் குனிந்து, "இதுக்கு முன்னாடி என்ஜின் ரூம்ல ஒருத்தன் குதிச்சானே, அவனா இவன்? குரல வெச்சு நான் ஒல்லியா நெனைச்சேன்" என்றார். ஃபெலிக்ஸ் அட்டைப்பெட்டிக்குள் பாதி இறங்கிவிட்டிருந்தான். பாலம் தெரிந்தது. இருநூறு மீட்டர். நூறு. டிரைவர் பெண் கடைசி லீவரை இழுத்தாள். தண்டவாளத்தில் நெருப்பு பறந்தது. ஸ்டெல்லா பதுருன்னிசாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து, யாருமில்லாத பக்கத்து வீட்டில், 'ணங்' என்று ஏதோ விழுந்து தரையில் சுழன்று சுழன்று உருண்டது. ஜெரால்டு பதறி ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.

"என் இட்லி குண்டான்," என்றார் பதுருன்னிசா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. ரிமோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "உருளட்டும் வுடு. ரயிலு நிக்கட்டும் மொதல்ல."