எலும்பு வந்தது, மைக் வரவில்லை

கிர்கிஸ்தானின் சூய் பள்ளத்தாக்கு முழுவதிலும் சரியான குரலில் பேசுகிறவன் நான் ஒருவன்தான். பிஷ்கெக்கில் என் கல்லூரியில் இதை இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. நான் பேசும்போது வேறு யாரும் பேச முடியாது.

ஆகவே ஜிபர்குல் அத்தை சமையலறையில் தன் குரலைத் தானே கைபேசியில் பதிந்து, தானே கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

"தன் குரலைத் தானே கேக்கறவங்களுக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம், அத்தை."

"உனக்கென்னடா தெமிர், பேசுவ. இத்தனை வருஷம் நான் கத்தினது எனக்கே தெரியாது. ஒருத்தராவது சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. காய்ச்சலில் காது போனதிலிருந்து அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. உறவினர்கள் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் சுலபமானது. விருந்துகளில் அவரவர் வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ற ஆட்டெலும்பை வைப்பது எங்கள் வழக்கம்; அவளுக்குரியது அவள் தட்டுக்குத் தவறாமல் வரும். வாழ்த்துச் சொல்லும் மைக் மட்டும் அவளைத் தாண்டிப் போய்விடும்.

போன வருடம் காதுக்குள் கருவி வைத்தார்கள். தன் குரல் தனக்கே கேட்கத் தொடங்கியதும், மாதத்துக்கு மாதம் அது இறங்கியது. கிறீச்சிட்ட குரல் போய், மெத்தென்று ஒரு குரல் வந்தது. மகள் மீரிமின் கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்லத்தான் சமையலறையில் அத்தனை ஒத்திகை.

கல்யாணத்தன்று மைக் சபிர்தீன் பெரியப்பாவிடம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அது எப்போதும் அவரிடம்தான் இருக்கும். அத்தையின் முறை வந்ததும் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, வாயைக் கோணி, கத்தினார்.

"ஜிபர்குல்! உன் குரல் இப்ப எடுபடாது! உனக்கும் சேத்து அண்ணனே சொல்லிடறேன்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. குரல் பெரிதாக இருந்தபோது பெரிது என்று மைக் தரவில்லை. சிறிதானதும் சிறிது என்று தரமாட்டார்களாம்! அவள் குரலில் இவர்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: அது வெளியே வராமல் இருப்பது.

"கத்தாதீங்கண்ணே. கேக்குது," என்றாள் அத்தை. அவர் விரல்களைப் பிரித்து மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"மீரிம், நான் கடைசியாக் கேட்டது கைக்குழந்தையா நீ அழுத சத்தம். அப்புறம் கேட்டது போன வருஷம், 'அம்மா'ன்னு. நல்லா இரு. புருஷன் வீட்டுல மெதுவாவே பேசு. ஆனா உன் மைக்கை எவனுக்கும் குடுத்துடாத."

மெதுவாகத்தான் பேசினாள், கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பெரியப்பா எலும்பை ஓசைப்படாமல் தட்டில் வைத்தார். மீரிம் அழுதாள்.

"அடுத்தது நம்ம தெமிர்!" என்று யாரோ கூவினார்கள்.

"இதோ வந்துட்டேன்," என்றேன்.

கோட்டு மாட்டும் அறைக்குப் போனேன். தொப்பிகளுக்கு நடுவே நின்று, கைபேசியில் நாலு வரி பேசிப் பதிந்தேன். காதில் வைத்துக் கேட்டேன்.

அழித்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் மறுபடி பதிந்தேன்.