துணி காயும் வளைவு

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஓய்வுபெற்ற வாத்தியாரின் கால்சட்டை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. முக்காலியின் மேல் ஆடாமல் நிற்கச் சொன்னால் நிற்கிற ஆளா அவர்? அடுத்த மாதம் மனைவியோடு வெளிநாடு போகிறார். அந்தச் சந்தோஷம் காலிலேயே தெரிந்தது. பயண நிறுவனம் கொடுத்த தாளை விரித்து, கேட்காமலே வாசித்துக் காட்டினார். பெரிய சாலைப் பக்கமே போகமாட்டார்களாம். கிராமங்கள் வழியாக, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடாதாம். ஏழாம் நாள், துணி காயும் வளைவில் அரை மணி நேரம் இளைப்பாறலாமாம்.

குண்டூசி அவள் உதட்டில் ஏறியது.

அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அது அவள் வைத்த பெயர். நான்கு வருடமாக, வேலை ஓய்ந்த நேரத்தில் எல்லாம், அந்த நாட்டுச் சாலைகளின் படங்களைக் கணினியில் அடி அடியாக நகர்த்திப் பார்த்தவள் அவள். ஒரு வளைவில், யார் வீட்டுக் கொடியிலோ ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. கிழிசலில் நீலத் துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள், கொஞ்சம் கோணலாக. தொழில்காரியின் கண்ணுக்கு அது தப்புமா? சிரித்துக்கொண்டே, இங்கே நிறுத்த வேண்டும் என்று நோட்டில் எழுதினாள். கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அழகாக இருக்கிறது என்றான். வளைந்து நெளிந்த சாலைகளின் நீளத்தை, வரைபடத்தின் மேல் நூலை நெளித்து வைத்து, பிறகு அதை நீட்டி இஞ்சு டேப்பில் அளந்து குறித்திருந்தாள். ஒரு சின்ன வாடகைக் கார், அவன் ஓட்டுவான், அவள் மடியில் நோட்டு. அவ்வளவுதான் அவள் கேட்டது. அடுத்த வருஷம் கண்டிப்பாகப் போகலாம் என்று வருடா வருடம் அவன்தான் சொல்வான்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். கணவனுக்கு அவன் ஆபீஸில் கொடுத்த சாப்பாட்டுப் பையில் இருக்கிற அதே சின்னம்.

ஆறு மாதத்துக்கு முன், நோட்டு தொலைந்துபோனால் என்ன செய்வாய், ஆபீஸில் நகல் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போனான். தன் கிறுக்கலையும் மதிக்க ஓர் ஆள் இருக்கிறதே என்று அன்றைக்கு நோட்டுக்குப் புது அட்டை போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது தாள் தையல் மிஷின் மேல் இருந்தது. ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றுவிட்டான். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"மேனேஜர் புதுசா ஏதாவது கொண்டு வான்னு உயிரை எடுத்தாரு. நோட்டு சும்மாதானே கெடந்துச்சு."

"சும்மா கெடந்துச்சா?"

"நம்மளால என்னைக்குப் போக முடியப் போகுது, நீயே சொல்லு. இப்ப நாப்பது பேராவது போறாங்க. வேணும்னா பஸ்ல உனக்கும் ஒரு சீட் கேட்டுப் பாக்கறேன்."

நோட்டைத் திருடியதைக்கூட மறந்துவிடலாம். ஆனால் இவன் ஒரு நாளும் கிளம்புவதாகவே இல்லை. நான்கு வருடமும் அவள் தனியாகத்தான் திட்டம் போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் தலையாட்டியிருக்கிறான்.

"அந்த வளைவுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"ஏதோ மலை தெரியற எடம்தானே?"

அவள் தாளை மடித்து ஊசிப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் வந்தார். கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். அளவு கச்சிதம். அந்தத் தாள் எங்கே, இங்கே விட்டுவிட்டேனா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வாசலில் திரும்பி நின்றார்.

"ஏம்மா, அந்த வளைவுல அப்படி என்ன விசேஷமா இருக்கும்?"

"ஒரு வீடு இருக்கு சார். துணி காயப் போட்டிருப்பாங்க."

அவர் நல்ல வேடிக்கை என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். குண்டூசிகளை வாயில் கவ்வியபோது அந்த வளைவு கண்முன் வந்தது. பெரிய பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. நாற்பது பேரும் இறங்கி, கேமராவைத் தூக்கிக்கொண்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் திரும்புகிறார்கள். அந்த வீட்டுக்காரி கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு, நீல ஒட்டுப் போட்ட போர்வையைக் கொடியிலிருந்து அவசர அவசரமாக உருவுகிறாள்.