வளைவுக் கூடத்தில் ஒரு கூச்சல்

"என்னம்மா இது உதட்டுல?"

மேஸ்திரி கேட்டதும், சாப்பாடு கொண்டுவந்த தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கதவு இடிச்சிருச்சுண்ணே."

"அப்ப கன்னத்துல? கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா?"

போன முறை இப்படி வந்தபோதே, 'இங்கேயே இருந்துடு' என்று அண்ணன் கெஞ்சினார். 'அவரு திருந்திடுவாருண்ணே' என்று திரும்பிப் போனவள் அவள். இந்த முறை அனுப்புவதில்லை என்று முடிவு கட்டினார் மேஸ்திரி.

கை நீட்டிய அவள் புருஷன் தூரத்தில் இல்லை. இவர்கள் இடித்துக்கொண்டிருந்த அதே பழைய பள்ளிக்கூடத்தில், வளைவுக் கூடத்துக்குள், மாடியிலிருந்து இறக்கிய இரும்பை அறுத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் இரும்பை நம்பவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவின் தோளில் சாய்ந்து நின்றது. வாத்தியார் முணுமுணுத்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கூரையைக் குவித்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதன் தலையில் இரும்பு உத்தரம் போட்டு மாடி ஏற்றினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் முகப்பில் கான்கிரீட் வராந்தாவை ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்ததெல்லாம் முதலில் போய்விட்டது. கூடம் மட்டும் பாக்கி.

கோடித் தூணில் இரும்புக் கயிறு மாட்டியாயிற்று. மறுமுனை சுவருக்கு அப்பால், டிரைவர் மொட்டையின் புல்டோசரில். மொட்டைக்கு உள்ளே நடப்பது தெரியாது, குரல்தான் கணக்கு. 'பிடி' என்றால் பிரேக். 'விடு' என்றால் பிரேக்கை விட்டு இழு.

"பிடிச்சுக்கோடா! உள்ள ஆள் இருக்கு!" கத்திவிட்டு மேஸ்திரி உள்ளே பாய்ந்தார்.

"வாங்க மச்சான், வேலை முடிஞ்ச..."

முதல் குத்து வாயிலேயே விழுந்தது. மாப்பிள்ளை இரும்புத் துண்டை வீசினான். மேஸ்திரியின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் கழுத்தைப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினார்.

"என் பொண்டாட்டி... நான் அடிப்பேன்!"

பிடி இறுகியது.

"யோவ், விடு! விடுய்யா! விடூ!"

கூரை அந்தக் கூச்சலை வாங்கிப் பெரிதாக்கி வெளியே அனுப்பியது. மொட்டை பிரேக்கை விட்டான்.

கயிறு விறைத்தது. கோடித் தூண் பல்லைப் பிடுங்கியதுபோல் தெறித்தது. சாய்ந்துகொள்ளத் தோள் இல்லாமல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மேஸ்திரியின் கை தளர்ந்த நொடியில், மாப்பிள்ளை அவர் வயிற்றில் உதைத்துவிட்டு வெளியே ஓடினான்.

"அண்ணே!"

புழுதிக்குள் புகுந்தாள் தங்கை. இடுப்பு வரை கல்லுக்குள் கிடந்தார் மேஸ்திரி. முனகல் மட்டும் வந்தது. அவள் வெறுங்கையால் கல்லைப் பறித்தாள். நகம் பிய்ந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தது.

"அதெல்லாம் ஆளுங்க பாத்துப்பாங்க. நீ வீட்டுக்கு நட!"

கையிலிருந்த செங்கல்லோடு திரும்பினாள். தாடையில் இறங்கிய அடியில் புருஷன் பல்லைத் துப்பிக்கொண்டு மல்லாந்தான்.

"உன் சங்காத்தமே வேணாம், போ!" என்றவள் அவன் எழுந்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. "மொட்டைண்ணே, கடப்பாரையோட ஓடி வாங்க! உயிர் இருக்கு!" என்று கத்திக்கொண்டே அடுத்த கல்லைப் புரட்டினாள்.