கலேலும் சாக்கிக்கும்

செவ்வாய்க்கிழமை ஒரே தபாலில் மூன்று பேருக்குக் கடிதம் வந்தது. ஒன்று பசிலியோ கலேலுக்கு. இன்னொன்று பசிலியோ சாக்கிக்குக்கு. மூன்றாவது 'கலேலும் சாக்கிக்கும், தொழில் கூட்டாளிகள்' என்று இருவருக்கும் பொதுவாக. மூன்றையும் மேசைமேல் பரப்பி வைத்துத் தலையைச் சொறிந்தவன் மட்டும் ஒரே ஆள்: அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்டு மீன் ஆலையில் பதின்மூன்று வருடமாகக் கத்தி பிடிக்கும் பசிலியோ கலேல் சாக்கிக்.

"மூணு பேர்ல யாரு இன்னைக்கு வீட்ல சாப்பிடறது?" என்றாள் மனைவி மிக்கேலா. "சொன்னா அதுக்கேத்த மாதிரி மாவு பிசைவேன்."

சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. கடிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எர்சிலியாவின் கடைக்கு ஓடினான். போன் கார்டும் மெழுகுவர்த்தியும் விற்கிற கடை அது. வரிப் படிவமும் அங்கேயே நிரப்பித் தருவாள். நாட்டின் சட்டத்தையெல்லாம் தானே உட்கார்ந்து எழுதியதுபோல் பேசுவாள்.

"நல்லாக் கேட்டுக்க தம்பி. மூணு லெட்டர்ல மூணு நம்பர் இருக்கு. ஒன்பதுல ஆரம்பிக்கிற நம்பர், பேப்பர் இல்லாதவனுக்குக் குடுக்கறது. நீ இங்க இல்ல, ஆனா வரி மட்டும் கட்டுன்னு அர்த்தம். போன வருஷம் வேலைக்கு அனுமதி குடுத்தாங்கல்ல, அதோட வந்தது சமூகப் பாதுகாப்பு நம்பர். அதுதான் சாகுற வரைக்கும். மூணாவது, நீ ஞாயித்துக்கிழமை ஓட்டல் புகைக்கூண்டு கழுவறியே, அந்தத் தொழிலோட நம்பர். அது உனக்கில்ல, தொழிலுக்கு."

"ஆளு ஒண்ணுதானேக்கா?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

நடந்தது இதுதான். கலேல் என்பது பசிலியோவின் அப்பா வழிப் பெயர். சாக்கிக் அம்மா வழிப் பெயர். ஒன்பதில் தொடங்கும் எண்ணை வாங்கியபோது அப்பா பெயரைச் சொன்னான், அது சரி. புது எண் கொடுத்த குமாஸ்தாவோ கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டி, அம்மா பெயரைப் போட்டுவிட்டார். தொழிலுக்குப் படிவம் நிரப்பிய நாளில் பசிலியோ கொஞ்சம் பெருமையில் இருந்தான். சொந்த ஊரில் பெரிய மனிதர்கள் கையெழுத்திடுவதுபோல இரண்டு பெயருக்கும் நடுவே 'இ' என்று ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதினான். அவன் ஊர்ப் பேச்சில் 'இ' என்றால் நம் 'உம்' மாதிரி. அதை ஆங்கிலத்தில் மாற்றிய புண்ணியவதி எர்சிலியாதான். ஒரே மனிதனின் அப்பாவும் அம்மாவும் அன்றிலிருந்து இரண்டு முதலாளிகள் ஆகிவிட்டார்கள். இன்றுவரை அதை அவள் ஒப்புக்கொண்டதில்லை.

வேறு சமயமாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பான். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். பத்து வருடம் விடாமல் இந்த நாட்டில் இருந்திருக்கிறான் என்று காட்டினால்தான் தங்க விடுவார்கள். காட்ட முடியாவிட்டால் அவனை விமானம் ஏற்றிவிடுவார்கள். மிக்கேலாவும் எட்டு வயது மகள் நொயேமியும் இங்கே தனியாக நிற்பார்கள். கையிலிருக்கும் சாட்சியெல்லாம் வருடாவருடம் கட்டிய வரிக் காகிதங்கள். அவையெல்லாம் கலேல் பெயரில். நீதிமன்றத்துக்குப் போகப்போகிறவனோ அடையாள அட்டைப்படி சாக்கிக், அவன் பிறந்தே ஒரு வருடம்தான் ஆகிறது.

"ஒன்பதை முடிச்சுட்டு, அதோட கணக்கையெல்லாம் புதுசுல சேருங்கன்னு லெட்டர் போடணும். நானே எழுதித் தரேன்," என்றாள் எர்சிலியா.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒன்பது எண்ணின் பயன்பாடு முடிவுக்கு வந்தது, பழைய பதிவுகளை மாற்ற இன்னும் சில மாதங்கள் ஆகும், பொறுமைக்கு நன்றி. ஆக, கலேலைக் கொன்றாகிவிட்டது, சொத்து மட்டும் வாரிசுக்கு வந்து சேரவில்லை.

மிக்கேலா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவங்க அது. பதிமூணு வருஷம் உங்களுக்காக வரி கட்டுச்சு. ஒரு நாள் லீவு எடுத்துச்சா? ஒரு மருந்துச் சீட்டு கேட்டுச்சா? அதை ஜெபம் பண்ணாம அனுப்புனா நல்லதில்ல."

"நம்பருக்கு யாராவது ஜெபம் பண்ணுவாங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒன்பதுல ஆரம்பிச்ச நம்பர். செத்தவங்களுக்குப் பண்ற மாதிரியே ஒன்பது நாள் ஜெபம்."

அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. மறுநாள் சாயங்காலமே கூடத்தில் ஊர் வழக்கப்படி பைன் இலை பரப்பி, வரி அலுவலகம் பதின்மூன்று வருடம் முன்பு அனுப்பிய காகிதத்தைச் சட்டம் போட்டு வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். அவர்கள் சாவு வீடுகளிலெல்லாம் ஜெபம் சொல்லும் பெரியவர் தோன் குருஸ் வந்தார். முன்பின் தெரியாதவருக்காக ஜெபிப்பது அவர் வழக்கமில்லை. அதனால் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நோட்டு வைப்பார். இறந்தவரை எந்த வருடத்தில், எப்படித் தெரியும் என்று வருகிறவர்கள் அதில் எழுத வேண்டும். இங்கேயும் வைத்தார்.

கலேல் போய்விட்டார் என்ற செய்தி மீன் ஆலை முழுக்கப் பரவிற்று. எண் என்கிற சமாச்சாரம் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. தமால் என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டையும் காபியும் தீரத் தீர ஆட்கள் வந்தார்கள். பல வருடம் முன்பே ஐஸ் அறை வேலைக்கு மாறிப்போன நிக்கானோர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வந்தான். பசிலியோவே அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான்.

நிக்கானோர் அவன் முகத்தைப் பார்த்தான். இன்னும் பலமாக அழுதான். "அண்ணே, நீங்க அவரோட தம்பியா? அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

"நான்தாண்டா அது."

"ஆமாண்ணே. துக்கத்துல அப்படித்தான் தோணும்," என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நோட்டில் எழுதப் போனான்.

ஒன்பதாம் நாள் நோட்டு நிறைந்துவிட்டது.

பதினெட்டாம் தேதி அரசாங்க வக்கீல் ஒரே ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார், தொழில் எண் போட்டிருந்த காகிதம். "கனம் நீதிபதி அவர்களே, கலேல் ஒருவர், சாக்கிக் ஒருவர். இருவரும் கூட்டாளிகள் என்று இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதின்மூன்று வருடம் வரி கட்டியவர் கலேல். இங்கே உட்கார்ந்திருப்பவர் சாக்கிக்."

பசிலியோவின் வக்கீலம்மா எழுந்து பெயர்க் குழப்பத்தை விளக்கினார். விளக்க விளக்கக் குழப்பம் கூடியது. சாட்சிக் கூண்டுக்கு மிக்கேலா வந்தாள்.

"கலேல் இப்போ எங்கம்மா இருக்கார்?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் அரசாங்க வக்கீல் கேட்டார்.

உண்மையே சொல்வேன் என்று அப்போதுதான் சத்தியம் செய்திருந்தாள்.

"அது போயிருச்சுங்க. ஒன்பது நாள் ஜெபமும் முடிஞ்சுது."

பசிலியோ முகத்தை மூடிக்கொண்டான். அரசாங்க வக்கீல் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்தார். மிக்கேலா அசரவில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். "நம்பிக்கை இல்லைன்னா பாருங்க. வந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் படித்தார். அடுப்பை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக் கொடுத்த வருடம், பனியில் மாட்டிய வண்டியைத் தள்ளிய வருடம், நொயேமி பிறந்தபோது ஆலை முழுக்க இனிப்பு ரொட்டி கொடுத்த வருடம். ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. நிக்கானோரின் பக்கம் வந்தது. "பதினொரு வருஷத்துக்கு முன்னாடி என் பக்கத்துல நின்னு மீன் வெட்டும்போது அண்ணனுக்கு இடதுகைச் சுண்டுவிரல் பாதி போயிருச்சு. ரெண்டு பேரும் மீனுக்குள்ள தேடினோம். கிடைக்கல. அழாதடான்னு எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்."

நீதிபதி நோட்டை மூடினார். "இறந்தவர் கொஞ்சம் எழுந்து நின்று இடது கையைக் காட்டட்டும்."

பசிலியோ எழுந்தான். இடது கையை விரித்துக் காட்டினான். நான்கரை விரல்.

பதின்மூன்று வருடத்தில் இந்த நாடு அவனை முழுசாகப் பார்த்தது அன்றுதான். பசிலியோவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. தங்கலாம் என்று நீதிபதி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவன் காதில் விழுந்தது.

உத்தரவை அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கினார். "எந்தப் பேர்ல போடணும்?"

பசிலியோ கண்ணைத் துடைத்தான்.

"ரெண்டையும் போடுங்க ஐயா. கலேல் இ சாக்கிக். அந்த 'இ'யை மட்டும் யாரும் மொழிபெயர்த்துறாதீங்க."