கிருத்திகைக்கு மறுநாள் வரும் கறுப்பு

போளூர்ப் பாப்பம்மாளுக்கு ஐம்பது வயது வரை வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பூண்டுக் காட்டில் நின்றபடியே பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் களியை விழுங்குவாள். போளூர்ப் பூண்டின் காரம் ஊரறிந்தது. ஒரு தடவை காட்டுக்குள் இறங்கிய சிறுத்தை இரண்டு பூண்டுப் பல்லைக் கடித்துவிட்டுக் கண்ணீரும் கம்பலையுமாகக் கேரளப் பக்கம் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அந்தப் பூண்டைப் பச்சையாக மெல்லுகிற பொம்பளைக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது.

முதலில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பாத்திக்கு நடுவில் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி வந்தது. புருஷன் குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்து அழுதார். செய்வினை என்றார்கள் சிலர். எதிர்வீட்டுப் பொன்னுத்தாய், பூம்பாறைக் கோயில் வேலப்பரின் கோபம் என்றாள். மாசம் தவறாமல் கிருத்திகை விரதம் இருக்கிறவளுக்கே இந்தக் கோபம் என்றால், ஒருநாளும் இருக்காத பொன்னுத்தாய் எப்படி இன்னும் நடமாடுகிறாள் என்று பாப்பம்மாள் கேட்டாள்.

மட்டக்குதிரையில் பூண்டு மூட்டைக்குப் பதில் அவளை ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார்கள். எடை குறைந்ததில் சந்தேகம் வந்து குதிரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திருமலைச்சாமி, வயிற்றில் புண், ரத்தம் கசிகிறது என்றார். மிளகாய், புளி, பூண்டு, காப்பி எதுவும் கூடாது, பாலும் ரொட்டியும்தான் என்றார். காப்பியை மட்டும் விடமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, மற்றதை எல்லாம் விட்டாள். அட்டுவம்பட்டியில் அத்தை மகள் வீட்டில் தங்கி மூன்று மாதம் பால் குடித்தாள். அந்த மூன்று மாதமும் அட்டுவம்பட்டிக் கன்றுக்குட்டிகள் இளைத்தே காணப்பட்டன. கறுப்பு மட்டும் நிற்கவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார் டாக்டர். பாதி வயிற்றை அறுத்து எடுக்க வேண்டுமாம். குழந்தைவேல் தலையாட்டினார். பாப்பம்மாள் ஆட்டவில்லை. அரை வயிற்றுக்காரி மலைக்காட்டில் மண்வெட்டி பிடிக்க முடியாது. அவள் பிடிக்காவிட்டால் காடு தரிசுதான். குழந்தைவேலின் உழைப்பை நம்பிப் புல்கூட முளைக்காது.

"ஏன் வருதுன்னே தெரியாம எதுக்குய்யா அறுக்கணும்? காரணத்தச் சொல்லுங்க, நானே கத்திய எடுத்துத் தாரேன்."

புண் வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்றார் டாக்டர். அந்த ஆயிரத்தில் தன்னுடையது எது என்று அவள் கட்டிலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். கறுப்பாகப் போன நாளெல்லாம் கிருத்திகைக்கு மறுநாளாகவே இருந்தது. அதைப் போய்ச் சொன்னாள். அப்படியானால் விரதத்தை விடு, வெறும் வயிறு ஆகாது என்றார் அவர்.

பாப்பம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது அப்போதுதான்.

"எங்காத்தா நாப்பது வருசம் வெரதம் இருந்தா. அவ வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. என் வயித்த மட்டும் வேலப்பர் தேடி வந்து கீறுனாராக்கும்? இன்னும் எட்டு நாள்ல கிருத்திகை. இங்கனயே இருக்கேன், உங்க கண்ணு முன்னாடி. என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்."

மதுரை வண்டியில் ஏற்ற நான்கு பேர் வந்து தூக்கினார்கள். அவள் பிடித்த பிடியில் கட்டிலும் சேர்ந்து வந்தது. இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

கிருத்திகையன்று பச்சைத் தண்ணீரில் குளித்து, திருநீறு பூசி, பூம்பாறை இருக்கும் மேற்குத் திசை பார்த்து உட்கார்ந்தாள். அவள் வாய்க்குள் எது போனாலும் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சுந்தராம்பாளைக் காவல் வைத்தார் டாக்டர். களி இல்லை, பால் இல்லை, காப்பியும் இல்லை. தினம் காலையில் காப்பி குடித்துப் பழகிய தலை, பத்து மணிக்குத் தெறிக்க ஆரம்பித்தது. பாப்பம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து, இரண்டு மாத்திரையை எடுத்து, ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினாள்.

"என்னக்கா அது?" என்றாள் சுந்தராம்பாள்.

"தலவலி மாத்திரை. மருந்து தின்னா வெரதம் கெடாதும்மா."

சுந்தராம்பாள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி டாக்டரை அழைத்து வந்தாள். ஒரு விரதத்துக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டார் அவர். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, விளக்கு வைக்கும்போது இரண்டு, அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் இரண்டு. மற்ற நாளில் காப்பி இருப்பதால் தலைவலியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பெட்டிக்கடைக்கு மாத்திரை வந்த நாள் முதல் இந்தப் பழக்கம்.

டாக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வெறும் வயிற்றில் இத்தனை விழுந்தால் உள்தோலை அரித்து ரத்தம் கசிய வைக்கும், அதுதான் இது என்றார். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

"மூணு மாசமா மொளகாயக் குத்தஞ் சொன்னீங்களே, மாத்திரையப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் அந்த மாத்திரையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாத்திரையோடு விரதத்தையும் விட்டால் நல்லது என்றார்.

"மாத்திரைய இப்பவே விட்டாச்சு. வெரதம் எனக்கும் வேலப்பருக்கும் உள்ள சோலி. தல வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

அடுத்த கிருத்திகைக்குப் பிறகும் கறுப்பு வந்தால் மதுரைக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் டாக்டர். அவளும் ஒப்புக்கொண்டாள்.

அந்தக் கிருத்திகை போளூரில் வந்தது. அன்று அவள் தலையில் இடித்த இடி, பக்கத்து ஊரில் மழை என்று நினைத்துத் துணி எடுக்கிற அளவுக்கு இருந்ததாம். சுருண்டு கிடந்தாள், மாத்திரையைத் தொடவில்லை. மறுநாள் வெள்ளனே ஒதுங்கப் போனவள், போன இடத்திலிருந்தே புருஷனைக் கூப்பிட்டாள். குழந்தைவேல் தயங்கினார்.

"வெரசா வாங்க. இம்புட்டு நாளு அழுதீங்கள்ல, வந்து பாத்துட்டுச் சிரிங்க."

அவர் பார்த்தார். மஞ்சள். பூம்பாறைத் தேர்த் துணிக்குக்கூட அப்படியொரு மஞ்சள் வாய்த்ததில்லை என்று பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"குதிரையப் பூட்டுங்க," என்றாள் பாப்பம்மாள். "டாக்டருகிட்டப் போயி நெறத்தச் சொல்லுங்க. மதுரைக்கு வேற வயித்த அனுப்பச் சொல்லுங்க."