சோதனை அக்காவின் பொட்டலங்கள்

அலுவலகத்தில் அவனைப் ‘புது அப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைத் தோளில் காய்ந்துபோன பால் கறை, எங்கே உட்கார்ந்தாலும் சாயப் பார்க்கும் தலை. பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

லிஃப்ட்டுக்குள் இருக்கும் அபாயப் பொத்தானுக்குப் பின்னால் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டிக்கு மென்பொருள் எழுதுவது அவன் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தியை நெட்வொர்க் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டிக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அவன் எழுதியதை உடைத்துப் பார்ப்பது இன்னொருவரின் வேலை. சோதனைப் பிரிவில் இருந்ததால் அவர் ‘சோதனை அக்கா’. அவர் நடந்து வரும்போது யாராவது “சோதனை வருது” என்று முணுமுணுத்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டென்பது அக்காவுக்கும் தெரியும். தெரியாததுபோல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நெட்வொர்க்கில் எதுவும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒழுங்காக வரும் பாக்கெட்டை எந்தப் பெட்டியும் வாங்கிக்கொள்ளும். கோணலாக வந்தால் என்ன செய்யும் என்று பார்க்க அக்காவிடம் ஒரு கருவி இருந்தது. அதில் பாக்கெட்டை நம் இஷ்டத்துக்குக் கட்டலாம். யார் அனுப்புகிறார், யாருக்கு, நீளம் எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் நினைத்ததை நிரப்பலாம். நூறு எழுத்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் பத்தை அனுப்பலாம். வாலை முன்னாலும் தலையைப் பின்னாலும் அனுப்பலாம். கட்டுப்பாட்டு அறை மாதிரியே வேஷம் போட்டும் அனுப்பலாம். இப்படிப்பட்ட விஷமங்களையெல்லாம் வரிசையாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் நிரலை அக்காவே எழுதி, வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியாரிடம் ஒருநாள் இதை விளக்கிச் சொன்னான். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நல்லா கட்டின பொட்டலத்தை அனுப்பினாலே ஒழுங்கா போய்ச் சேர மாட்டேங்குது. இதுல கோணலா கட்டி அனுப்பறதுக்குன்னே ஒரு ஆளா, மாப்பிள்ளை?” என்றார். அன்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அந்தப் பழுது வந்தது. கட்டுப்பாட்டு அறை வேஷத்தில் அக்காவின் பாக்கெட் போனதும், பெட்டி சில நிமிடங்களுக்கு ஊமையாகிவிட்டது. அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் பெட்டி தானாகப் பேச ஆரம்பித்தது. பெட்டியின் பதிவைக் கேட்டால், அனுப்பிவிட்டேன் என்றது. கட்டுப்பாட்டு அறையைக் கேட்டால், வரவில்லை என்றது. மாமியார் மருமகள் சண்டையில் மாட்டிய பிள்ளை மாதிரி அவன் நடுவில் நின்றான்.

அவன் மேசையில் இருந்த பெட்டியில் இது ஒருமுறைகூட நடக்கவில்லை. அக்காவின் சோதனை அறையில் மட்டும் தவறாமல் நடந்தது. அதைச் சொன்னபோது அக்கா, “உன் மேசையில நடக்கலைன்னா, நடக்கவே இல்லைன்னு ஆயிடாதுப்பா” என்றார். அது நியாயமான பேச்சு. அதோடு, அக்கா ஒன்றைப் பழுது என்று சொல்லி அது பழுதில்லாமல் போனதாக யாருக்கும் நினைவில்லை. மேலாளர் அவரைத்தான் நம்பினார். புது அப்பாவும் தன்னைவிட அவரைத்தான் நம்பினான்.

அனுப்பும் பகுதி முழுவதையும் பிரித்துப் போட்டான். நன்றாக இருந்த வரிகளையெல்லாம் சந்தேகப்பட்டு அழித்து மறுபடி எழுதினான். பழுது நகரவில்லை. வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கணினியைப் பார்த்தான். பிறகு குழந்தையை மாமியார் வாங்கிக்கொண்டார். தடுப்பூசிக்கு மனைவியும் மாமியாரும் மட்டும் போய்விட்டு வந்தார்கள். மனைவிக்குத் தையல் இன்னும் ஆறவில்லை, ஆட்டோவில் குலுங்கிக்கொண்டே போயிருக்கிறாள். வந்தவள் சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றும்போது, “குழந்தைக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியும். முகத்தைக் காட்டினா அழுதாலும் அழுவான்” என்றாள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

முதல் பெட்டிகளை வெள்ளோட்டம் பார்க்க ஒரு பழைய குடியிருப்பு ஒப்புக்கொண்டிருந்தது. எப்போது வரும் என்று மேலாளர் தினமும் கேட்டார். கடைசியில் அவன் ஒரு குறுக்கு வழி செய்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும், பெட்டி தன்னைத்தானே அணைத்துப் போட்டுக்கொள்ளும். செத்துப் பிழைத்து வந்ததும் சரியாகப் பேசியது. அக்காவின் ஸ்கிரிப்ட் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அன்று வீட்டுக்கு நேரத்தோடு போக முடிந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். பெட்டி அந்தக் குடியிருப்புக்குப் போனது.

அங்கிருந்து வந்த முதல் செய்தியே புகார். ஐந்தாவது மாடியில் துணி தைக்கும் ஒரு அம்மா, மூட்டையோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தும் யாரும் வரவில்லை. அவர் கதவைத் தட்டும் சத்தம் படியேறிப் போன யாருக்கோ கேட்டுத்தான் ஆள் கூட்டி வந்தார்களாம். அந்தக் கட்டிடத்தின் நெட்வொர்க் கொஞ்சம் மெதுவானது. அந்த அம்மா அழுத்தும்போதெல்லாம் பதில் வரத் தாமதமாகி, செய்தி போய்ச் சேருமுன்பே பெட்டி தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. அது எழுந்து வந்ததும் அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி அணைந்தது.

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து என்னவென்று பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் சோதனை அறையில் உட்கார்ந்தார்கள். ஸ்கிரிப்ட்டை ஓட்ட வேண்டாம், அந்த ஒரு பாக்கெட்டை மட்டும் முதலிலிருந்து கையால் கட்டிப் பார்க்கலாம் என்று அவன்தான் சொன்னான். அக்கா ஒத்துக்கொண்டார். ஸ்கிரிப்ட்டில் இருப்பதை அக்கா ஒவ்வொரு கட்டமாகப் படிக்க, நிஜத்தில் இருக்க வேண்டியதை அவன் கணினிகளைப் பார்த்துச் சொல்லிச் சரிபார்த்தான். சலிப்பான வேலை. அக்காவுக்கு நடுவில் இரண்டு முறை கொட்டாவி வந்தது. அவனுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் அட்டைக்கும் தயாரிக்கும்போதே இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். முகவரி தெருப்பெயர் என்றால், இந்த எண்தான் வாசற்கதவு. கட்டுப்பாட்டு அறையாக நடிக்கும் பாக்கெட் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லும். பெட்டி அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கதவையே தட்டும். அவன் குனிந்து, கட்டுப்பாட்டு அறைக் கணினியாக வைத்திருந்த இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தான்.

“கடைசி ரெண்டு, அஞ்சு சி.”

“அஞ்சு ஈ” என்றார் அக்கா.

“சி, அக்கா.”

அக்கா எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தானே குனிந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு அந்த இடத்தில் இருந்த கணினி எரிந்துபோய், அதே கம்பெனியின் இன்னொன்றை வைத்திருந்தார்கள். பழைய எண் ஸ்கிரிப்ட்டிலேயே தங்கிவிட்டது. அவன் தன் மேசையில் அனுப்பிப் பார்த்த பாக்கெட்டில் அங்கிருந்த கணினியின் சரியான எண்தான் இருந்தது.

“உன் பெட்டி முதல்லேர்ந்தே ஒழுங்காத்தான் பேசியிருக்கு” என்றார் அக்கா. “நான்தான் அதைக் காலி வீட்டுக் கதவைத் தட்ட விட்டிருக்கேன்.”

கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. அழித்து எழுதிய வரிகள், தடுப்பூசி, ஆட்டோவின் குலுங்கல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, வந்த வேகத்திலேயே போயின. உடம்பு முழுக்க ஈரத்துணி போல் கனத்தது. டீ குடிக்கலாமா என்று கேட்டான். எழுந்துகொள்ளக் கை கொடுத்தான்.

டீயை அக்கா பாதிதான் குடித்தார். “இத்தனை வருஷமா எல்லாரோட தப்பையும் தேடிட்டே இருக்கேன். என் ஸ்கிரிப்ட்டை யாரும் சோதிச்சதில்லை. சோதிங்கன்னு நானும் சொன்னதில்லை” என்றார். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்டு வைத்தான்.

மேலாளரிடம் அக்காவே போய்ச் சொன்னார். சோதனைச் சூழலில் ஏற்பட்ட மாற்றம் என்று அறிக்கையில் போட்டுக்கொள்ளலாமா என்று மேலாளர் சுற்றி வளைத்துக் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் என் வாயால் சொல்கிறபடிதான் சொல்வேன் என்றார் அக்கா. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னார். பின்வரிசையில் ஒருவன் “சோதனைக்கே சோதனை” என்றான். சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். பிறகு சில நாட்கள் முன்வாசல் பக்கம் வராமல் பின்படி வழியாகவே தன் இடத்துக்குப் போய்வந்தார்.

அந்தக் கூட்டத்தில் அவனும் எழுந்தான். லிஃப்ட்டில் மாட்டிய அந்த அம்மாவுக்கு உதவி வராமல் செய்தது அக்காவின் எண் இல்லை, என்னுடைய குறுக்கு வழிதான், தெரிந்தே செய்தேன் என்றான். அதற்குள் பாதிப் பேர் நாற்காலியை நகர்த்திக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் அக்கா ஒருவர்தான்.

குறுக்கு வழி இல்லாத பழைய மென்பொருளைப் பெட்டியில் திரும்ப ஏற்ற, ஆள் அனுப்பாமல் அவனே அந்தக் குடியிருப்புக்குப் போனான். தையல்கார அம்மா அன்றிலிருந்து மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தார். வேலை முடியும் நேரத்தில் வெளியிலிருந்து மூட்டையோடு வந்து நின்று பார்த்தார். சுண்டுவிரலில் நூல் சுற்றியிருந்தது.

“எத்தனை தடவை அழுத்தினேன் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்மா. அழுத்தும்போதெல்லாம் பெட்டி அணைஞ்சுடுச்சு. அப்படி எழுதினது நான்தான்.”

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். திட்ட வந்தவர் அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியதுபோல் இருந்தது. இப்போது கேட்குமா என்றார். கேட்கும் என்றான். போன தடவையும் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்றார். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

அவரே லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார். செய்தி கிடைத்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து காவலாளி, லிஃப்ட்டின் ஒலிபெருக்கி வழியாக, மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்டார். இல்லை, சும்மா பார்த்தேன் என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை காவலாளியின் குரலில் எரிச்சல் இருந்தது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“நான் போறேன். நான் இறங்கற வரைக்கும் நீ இங்கேயே நில்லு” என்றார்.

கதவு மூடியது. மேலே எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதை அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தில் நின்றது. கதவு திறக்கும் சத்தமும், மூட்டையைத் தரையில் இழுக்கும் சத்தமும் மெலிதாகக் கேட்டன. கால் வலித்தது. படியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வருவதாகச் சொன்னான்.

“இப்பவா?” என்றாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

“இப்பத்தான்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாசல் மணி அடிக்காதே. இப்பதான் தூங்கினான்” என்றாள்.